அதை மட்டும் அப்புறம் கேளு

காலை ஏழு மணியானால் என்னைத் தேடிக் கூப்பிட்ட என் கோமதி அக்காவுக்கு,

எழுதுவதெல்லாம் எனக்கு வராது. உனக்கே தெரியும். சோலார் பிளாண்ட்டில் எந்த ஒயர் எந்த பேனலுக்குப் போகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் வேலைக்குப் போகப் பாளையம்பட்டியில் திருச்சுழி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கை தானாகப் போனைத் தேடுகிறது. நீ இல்லாமல் போன பிறகும் தேடுகிறது. இந்தக் கையை என்ன செய்வது?

அப்போது உனக்கு டெக்சாஸில் முந்தின நாள் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். பாத்திரம் கழுவும் சத்தத்தோடு வருவாய். "ஏலே சரவணா, ஆரம்பிடா" என்பாய். அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கான கேள்விகளை நான் கேட்க வேண்டும், நீ பதில் சொல்ல வேண்டும். அத்தானும் உன்னோடு சேர்ந்துதான் விண்ணப்பம் போட்டிருந்தார். ஆனால் அவர் கேள்வி கேட்டால் உனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது என்று என்னைப் பிடித்துக்கொண்டாய்.

ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு, பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கெல்லாம் உன் பாடம் மனப்பாடம். 'நாட்டின் உச்சபட்சச் சட்டம் எது?' என்று நான் கேட்க, 'அரசியலமைப்பு' என்று நீ சொல்ல, கீரைக்கட்டோடு ஏறும் அம்மாகூடத் தலையாட்டும். அங்கே மேல்சபையான செனட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு மட்டும் நீ தினமும் தடுமாறுவாய். ஒருநாள் கண்டக்டர் அண்ணனே பொறுமையிழந்து, "நூறு பேருன்னு சொல்லுங்கக்கா. மாநிலத்துக்கு ரெண்டு பேரு. எனக்கே தெரிஞ்சுபோச்சு" என்று என் போனுக்குள் குனிந்து கத்தினார். நீ அங்கே விழுந்து விழுந்து சிரித்தாய்.

ஒரே ஆள் கையில் எல்லா அதிகாரமும் போய்விடாமல் எது தடுக்கிறது என்ற கேள்வி உனக்குப் புரியவே இல்லை. நான்தான் மோட்டாரை வைத்துச் சொன்னேன். ஒரே மோட்டாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்ற வைக்க இரண்டு சுவிட்ச் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் மோட்டார் எரிந்துபோகும். அதனால் ஒன்றைப் போட்டால் இன்னொன்றைப் போட முடியாதபடி இணைத்து வைப்போம். அங்கே நாடாளுமன்றம், ஜனாதிபதி, நீதிமன்றம் என்று மூன்று. ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் நிறுத்தலாம். நீ குழாயை மூடினாய். பிறகு, "நம்ம வீட்டுல அப்பா போட்ட சுவிட்ச யாருலே நிறுத்தியிருக்கா?" என்றாய்.

நீ நிறுத்தியிருக்கிறாய் அக்கா, ஒரு தடவை. பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம் தர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த கறுப்பினப் பெண்ணைப் பற்றி அன்று படித்தோம். தண்ணீர்க் குழாயைக்கூட நிறம் பார்த்துத் தனித்தனியாக வைத்திருந்த காலம் அது. நீ சட்டென்று, "நம்ம கடையில லோடு இறக்க வாரவுகளுக்குத் தனியா ஒரு பிளாஸ்டிக் டம்ளர் தொங்குமே, இன்னும் இருக்கா?" என்று கேட்டாய். இருந்தது. இரும்புக்கடைக் கல்லாவுக்குப் பின்னால், ஆணியில். உடனே அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினாய். என்ன பேசினாய் என்று அவர் சொல்லவே இல்லை. மறுநாள் ஆணி இருந்தது, டம்ளர் இல்லை. எல்லாருக்கும் ஒரே சில்வர் டம்ளர்.  ஏன் என்று நான் கேட்கவில்லை.

கேள்விகளில் ஒன்றை மட்டும் நீ தாண்டிக்கொண்டே இருந்தாய். 'குடியுரிமை பெறும்போது நீங்கள் தரும் ஒரு வாக்குறுதி என்ன?' மற்ற நாடுகளின் மீதான விசுவாசத்தைக் கைவிடுவேன் என்பது அதற்கு ஒரு பதில். "அதை மட்டும் அப்புறம் கேளு" என்பாய். எனக்குக் கடுப்பாக இருக்கும். "வேற பதிலும் இருக்குக்கா. சட்டத்துக்குக் கட்டுப்படுவேன்னு சொன்னாப் போதும், மார்க் குடுத்துருவான்" என்றேன். நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பரிச்சையில வேற சொல்லிக்கலாம்லே. கையத் தூக்கிச் சத்தியம் பண்றப்ப அதத்தான முதல்ல சொல்லச் சொல்றாக."

அந்தச் சத்தியத்தை நீ சொல்ல வேண்டி வரவே இல்லை. நேர்காணலுக்குத் தேதி வந்தது. அதற்கு முன்னால் அங்கே ஒரு கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கியவள் அப்படியே சரிந்தாய். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எனக்கு இதுவரை புரியவில்லை. எந்த மிஷினும் நிற்பதற்கு முன்னால் ஒரு சூடு, ஒரு சத்தம், ஏதாவது காட்டும். நீ ஏன் ஒன்றும் காட்டவில்லை? காட்டியிருந்து, செனட்டு, நீதிமன்றம் என்று கத்திக்கொண்டிருந்த நான்தான் கவனிக்கவில்லையா?

உன் முகத்தை நாங்கள் போன் திரையில்தான் கடைசியாகப் பார்த்தோம். அம்மா அந்தப் போனைத் தொட்டுத் தொட்டு, படம் பெரிதாகி, உன் நெற்றி மட்டும் தெரிந்தது. அதைச் சரிசெய்து கொடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஆனி மாதம் பள்ளி விடுமுறையில் அத்தானும் உன் மகள் யாழினியும் உன் அஸ்தியோடு வந்தார்கள். சேதுக்கரையில் கரைத்துவிட்டு வீடு திரும்பினோம். அதற்கு மறுநாள் காலை நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். நல்லதைச் செய்தேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கூடத்தில் அப்பா, பெரியப்பா, அத்தான், நான். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். யாழினி உள் அறையில் இருந்தாள். பெரியப்பாதான் ஆரம்பித்தார். "வயசுக்கு வந்த பொம்பளப் புள்ள. தாயில்லாம அந்த ஊர்ல தனியாக் கிடக்கணுமா? அவரு வேலைக்குப் போயிருவாரு. இங்கயே டவுனுல நல்ல பள்ளிக்கூடத்துல சேத்து விட்டுருவோம்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டே, "நீங்க எல்லாரும் சொன்னா சரிதான்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எம்மகளத்தான் குடுத்துட்டேன். அவ பெத்ததாவது என் கண்ணு முன்னால இருக்கட்டும்" என்றாள். பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து யாழினியின் துணிகளை அதற்குள் அடுக்கியிருந்தாள்.

எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்றுதான் பாக்கி. பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "தாய்மாமன் வாயால ஒரு வார்த்தை வந்துருச்சுன்னா அப்புறம் பேச்சில்ல. சொல்லுப்பா." நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? நீங்கள் ஊருக்கு வந்து அவளுக்குச் சடங்கு வைத்தபோது முதல் சீர்த்தட்டை நான்தான் தூக்கினேன். முதல் மாலை நான்தான் போட்டேன். அந்த உரிமை இருக்கிறவன் சரி என்றால் சரி.

உண்மையைச் சொல்கிறேன். 'சரி' என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அங்கே இருந்த எல்லாரையும்விட எனக்குத்தான் அவள் இங்கே இருக்க வேண்டும் என்று ஆசை. தயிர்ச்சோற்றில் உப்பை உன்னை மாதிரியே இரண்டு விரலால் நசுக்கிப் போடுகிறாள். சிரிப்பை அடக்கும்போது உன்னை மாதிரியே மூக்கு விடைக்கிறது. நீ மிச்சம் வைத்துப் போனது அவள் ஒருத்திதான். எப்படி வேண்டாம் என்பேன்?

அப்போதுதான் உன் குரல் வந்தது. ஒருநாள் சட்ட முறைப்படி நடப்பது பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தருடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ அரசாங்கம் தொடுவதற்கு முன்னால், அவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும், அவர் பேசுவதையும் கேட்க வேண்டும் என்று நான் விளக்கினேன். நீ பாத்திரத்தை வைத்துவிட்டு, "என் கல்யாணத்துக்கு என்னைய யாருலே கேட்டா?" என்றாய். நான், "நல்லாத்தானக்கா அமைஞ்சுது" என்றேன். "நல்லாத்தான் அமைஞ்சுது. உங்க அத்தான் தங்கம். ஆனா கேக்கலல்ல?" என்றாய். அதோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

"யாழியக் கேக்காம நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

பெரியப்பா சிரித்துவிட்டார். "அமெரிக்காவுக்குப் போனவ அக்கா, சட்டம் பேசுறவன் தம்பி. அது சின்னப்புள்ளப்பா. அதுக்கு என்ன தெரியும்?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும் பெரியப்பா."

அப்பாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "வீட்டுல பெரியவுக உக்காந்து பேசுறது எதுக்குல? உங்கக்கா கல்யாணத்துல அவகிட்டக் கேட்டுக்கிட்டா இருந்தோம்? நல்லா இல்லாமயா போயிட்டா?"

 நான் அடங்கிப் போயிருக்கலாம். என் வாய் உனக்குத் தெரியும். "நல்லாத்தான் அமைஞ்சுதுன்னு அக்கா சொன்னாப்பா. கேக்கலன்னும் சொன்னா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். பிறகு சுவரில் மாலை போட்டுத் தொங்கிய உன் படத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் ஒன்றையே பார்த்து நான் கண்டதில்லை. டம்ளரைக் கழற்றிய அன்றைக்கும் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். நான் கூப்பிடவில்லை அக்கா. அவரேதான் கூப்பிட்டார். "யாழி, இங்க வாம்மா. தாத்தாவுக்கு ஒண்ணு கேக்கணும்."

அவள் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தாத்தா கேட்டார், "நீ எங்க இருக்கணும்னு நெனைக்கிறம்மா?" என்று. அவள் முதலில் நம் அம்மாவைத்தான் பார்த்தாள். "அம்மாச்சி அழுவாங்களா?" என்றாள். 

"நான் அப்பாகூடப் போறேன் தாத்தா. நானும் இங்க இருந்துட்டா, அப்பா வீட்டைத் திறக்குறப்ப உள்ள யாருமே இருக்க மாட்டாங்க."

அத்தான் அப்போதுதான் அழுதார். நீ போன அன்றுகூட அழாமல் எங்களுக்கு ஆறுதல் சொன்ன மனிதர். "நீ இங்க இருக்கத்தான் ஆசைப்படுவன்னு நெனச்சேன்மா. அதான் வாயத் திறக்கல" என்றார். டெக்சாஸிலிருந்து அத்தனை மணி நேரம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள், ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்போதும் தாய்மாமன் சொல்ல வேண்டும். சரி என்றேன். நாக்கில் ஏற்கெனவே இருந்த அதே சொல்தான். இந்தத் தடவை அதை அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

மதுரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோம்.  அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. பீரோவில் அந்தத் தட்டு அப்படியே காலியாக இருக்கிறது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. அவள் கொஞ்ச நாள் அழுதுவிட்டுப் பழகியிருப்பாள்தானே? நீ பழகவில்லையா? இப்படி நினைக்கும்போதே நீ பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்கிறது.

ஊர்ச் செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. ஐப்பசி பிறந்தும் மழை பிடிக்கவில்லை. கரிசலில் கொத்தமல்லி விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேனல் மேல் படியும் தூசியைத் துடைத்தே எங்களுக்குப் பொழுது போகிறது. "அக்கா பரிச்சை என்னாச்சு தம்பி? சத்தத்தையே காணோம்" என்று கண்டக்டர் அண்ணன் ஒருநாள் கேட்டார். சொன்னேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவர் முன்னால் போய் நின்றுகொண்டார். திருச்சுழி வரும்வரை பின்பக்கம் வரவே இல்லை.

போன வாரம் பஸ்ஸில் போகும்போது அதே ஏழு மணிக்குப் போன் அடித்தது. யாழினி. "மாமா, அப்பாவுக்கு இன்டர்வியூ வந்துருக்கு. நான் கேள்வி கேக்குறேன். நீங்க லைன்ல இருங்க, அப்பா தப்பாச் சொன்னாத் திட்டுங்க" என்றாள். அந்த மண்ணில் பிறந்ததாலேயே அவள் அந்நாட்டுக் குடிமகள். பரீட்சை எழுத வேண்டியதில்லை. நீ மனப்பாடம் செய்து வாங்கப் பார்த்ததை அவள் பிறந்த அன்றே வாங்கிவிட்டாள்.

செனட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். அத்தான் யோசித்தார். படிக்கட்டுப் பக்கமிருந்து, கத்தாமல், தனக்குத்தானே சொல்வதுபோல, "நூறு பேரு" என்றார் கண்டக்டர் அண்ணன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே வேலிக்கருவையும் பொட்டலும்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஒரு வாக்குறுதி என்ன? அத்தான் பேசவில்லை. யாழினி கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "பரவாயில்லப்பா. அம்மாவும் இதை அப்புறம்னுதான் சொல்லுவாங்க" என்றாள்.

அப்புறம் என்று நீ தள்ளி வைத்ததற்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா. எந்த நாட்டுக்கும் இல்லை, உனக்கு. அவள் படிப்போ வேலையோ கல்யாணமோ, இந்த வீட்டில் அவளைப் பற்றி எந்தப் பேச்சு வந்தாலும், அவளைக் கேட்காமல் இந்தத் தாய்மாமன் வாயிலிருந்து 'சரி' வராது. அவள் சொல்லும் பதில் எனக்கு வலித்தாலும் கேட்பேன். இந்த ஊரையோ அந்த ஊரையோ விட்டுவிடு என்று அவளிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இதற்குக் கையைத் தூக்கச் சொன்னாலும் தூக்குகிறேன்.

பஸ் வந்துவிட்டது. ஏறப் போகிறேன்.

உன்னிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் இனி அவளிடம் கேட்கப்போகும்,
உன் தம்பி,
யாழினியின் தாய்மாமன்
சரவணன்