விடுபட்ட நொடியில் பிடித்த பெயர்

மச்சானுக்கு,

பூண்டுலோயாவில் மூன்று நாளாக விடாத மழை. இருந்தும் நம் விடுதியின் இரண்டு அறைகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வெப்சைட்டை மீட்டுவிட்டேன்.

அதன் இணையப் பெயருக்குக் காலம் முடிகிறது என்று உங்கள் மின்னஞ்சலுக்குத்தான் நினைவூட்டல் வந்திருக்கும். கட்டாரில் வேலை அதிகம், பார்த்திருக்க மாட்டீர்கள். தோட்டத்தில் சம்பளச் சீட்டிலிருந்து குடியிருக்கும் லயத்து அறை வரை எல்லாவற்றையும் ஆண் பெயரில் வைத்தே பழகியவள், அதையும் உங்கள் பெயரில் பதிந்தது என் பிழைதான்.

பெயர் போனபின் வெப்சைட் திறக்கவில்லை, இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. டவுனில் போன், இன்டர்நெட் வேலை பார்த்துத் தரும் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் இஷ்ராதான் வழி சொன்னாள். "அழாதீங்க அக்கா. காலாவதியான பேரு விடுபடுற நொடியிலயே பிடிச்சுத் தர்ற கம்பெனி இருக்கு. இப்பவே சொல்லி வைப்போம்."

நான் அழவில்லை. சொல்லி வைத்தேன். விட்டிருந்தால் வேறு யாராவது எடுத்துச் சூதாட்ட விளம்பரம் போட்டிருப்பார்களாம். நமக்கே கிடைத்தது!

"யாரு பேருல பதியிறது?" என்று இஷ்ரா கேட்டாள். வழக்கம்போல உங்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். கூட வந்திருந்த உங்கள் அம்மா முந்திக்கொண்டார்.

"எம் மவன் பேரு வேணாம். விடிஞ்சதும் ரொட்டி சுட்டு வர்றவங்களப் பாத்துக்கிறது இவதானே? இவ பேரையே போடும்மா."

இனி நினைவூட்டல் எனக்கே வரும். உங்களுக்குத் தொந்தரவு இல்லை. உங்கள் அம்மாவின் போன் நம்பர் மட்டும் மாறவில்லை, பழையதுதான். நேரம் கிடைத்தால் அவரிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பெயரின் சொந்தக்காரி