சேவல் போன பிறகு

நாள் 611, காலை
செவ்வாய்க் குடியிருப்பு, கோழிக்கூடம். எழுதுவது கால்நடை மருத்துவர் சிந்தாமணி. நோய் தொற்றாமலிருக்கக் கூடத்தைத் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். இங்கே மனுஷி நான் ஒருத்திதான். பெட்டைகள் பன்னிரண்டு, சேவல் இரண்டு. காற்று சரி. தீவனம் சரி. ஒரு பெட்டை தோல்முட்டை போட்டது. சுண்ணாம்புச் சத்தைக் கூட்டினேன்.

நாள் 612, மாலை
சேவல் அறையின் காற்று வால்வு அடைத்துக்கொண்டது. அலாரம் அடிக்கவில்லை. இரண்டும் செத்துக் கிடந்தன.
தலைமைக் குடியிருப்பின் பொறுப்பாளர் நல்லசிவம், வானொலியில்: “சேவல் போனா போகுதுங்க டாக்டரம்மா. பெட்டை முட்டை போடுதில்லீங்களா?”
நான்: “முட்டை வருமுங்க, குஞ்சு வராது. இந்தப் பெட்டைக ரெண்டு வருசத்துல ஓஞ்சு போயிருமுங்க. பூமியில இருந்து கப்பல் வர அஞ்சு வருசமாகுமே.”
 அங்கே குழந்தைகளுக்கு இந்த முட்டையை விட்டால் வேறு ஊட்டமில்லை.

நாள் 613, காலை
ஒரு வழி இருக்கிறது. சேவல்களை முந்தாநாள்தான் பெட்டைகளோடு விட்டிருந்தேன். பெட்டையின் முட்டைக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத மடிப்புகள் உண்டு. சேர்க்கைக்குப் பிறகு விந்து அங்கே உயிரோடு தங்கும். கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, புதிதாக இறங்கும் மஞ்சள் கருவைச் சேரும். இரண்டு வாரம் தாங்கலாம். அதுவரை ஒரு முட்டைகூடச் சமையலுக்குப் போகாது என்று சொல்லிவிட்டேன்.

நாள் 627, மாலை
சேர்த்த முட்டைகளைக் குஞ்சு பொரிப்பானில் அடுக்கினேன். இருபத்தொரு நாள் சூடு வேண்டும்.

நாள் 640, மதியம்
புழுதிப்புயல். சூரியத் தகடுகளைப் புழுதி மூடிவிட்டது. பொரிப்பான், என் ஹீட்டர், இரண்டில் ஒன்றுதான் ஓடும்.
நல்லசிவம்: “பொரிப்பான நிறுத்திருங்க. நீங்க இல்லாம கோழிய வெச்சுட்டு நாங்க என்னங்க பண்றது?”
ஹீட்டரை அணைத்தேன். பெட்டைகளுக்கு நடுவில் படுத்தேன்.

நாள் 645
இன்னும் புயல். பொரிப்பானிலும் சூடு இறங்குகிறது. முட்டைகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் அசைவில்லை. ஆறு மிச்சம். குளிரில் என் விரல் மடங்கவில்லை.

நாள் 648, காலை
ஐந்து பொரிந்தன. சேவலா பெட்டையா என்று புறவாயைப் பிதுக்கிப் பார்த்தேன். பெட்டை. பெட்டை. ஐந்தும் பெட்டை. ஆறாவதில் சின்ன ஓட்டை; உள்ளிருந்து கத்துகிறது.
நல்லசிவம்: “ஓட்ட ஒடைச்சு எடுத்துருங்க டாக்டரம்மா!”
நான்: “இப்ப ஒடைச்சா ரத்தம் கொட்டிச் செத்துருமுங்க. உள்ள சவ்வுல ஓடற ரத்த நரம்பு காயோணும். அதுவாத்தான் வரோணும்.”
அவருக்குப் பின்னால் குழந்தைகளின் கூச்சல்: “சேவலா? சேவலா?”

நாள் 649
சத்தம் மெலிகிறது. ஈரத்துணி போர்த்தினேன். உடைக்கலாமா. கூடாது. கூடாது என்றுதான் படித்தேன், மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

நாள் 650
நின்றுவிட்டது.
முட்டை ஓட்டைப் பிரித்தேன். நரம்பெல்லாம் எப்போதோ காய்ந்திருந்தது. நேற்றே எடுத்திருக்கலாம்.
வயிற்றைத் திறந்தேன். பெட்டையானால் இடப்பக்கம் மட்டும் ஒரு சூலகம் இருக்கும். இங்கே முதுகெலும்பின் இரு பக்கமும், அரிசி நொய் போல, வெள்ளையாக, இரண்டு.
நல்லசிவம்: “என்னாச்சுங்க? பசங்க கேக்கறாங்க.”
கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நான் இன்னும் அந்தச் சேவல் குஞ்சை மடியில் வைத்திருக்கிறேன்.