மரித்தோர் பட்டியலில் ஒரு பெயர்

மவுண்ட் வெல்லிங்டன்
நவம்பர் 2014

அன்பு மகளுக்கு,

இது நானே எழுதுகிற கடிதம்! எழுபத்திரண்டு வயதில், மாதா கோயில் மண்டபத்தில் ஷாரோன் டீச்சரிடம் எழுதப் படித்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் எடுத்தது, சிரிக்காதே. ‘மகள்’ என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இன்னும் டிவியில் பொலிஸ் நாடகம்தான் பார்க்கிறாள். போன கிழமை, உன்னைப் போல ஆணாகப் பிறந்து பெண்ணான ஒரு பட்டாளக்காரி வந்தாள். என் தேத்தண்ணி ஆறுவதற்குள் பிணமாகிவிட்டாள். அதற்கு முந்தின நாடகத்தில் அப்படிப்பட்டவள்தான் கொலைகாரி.

“எங்கட பிள்ளை இந்த நாட்டு ஆமியில லொறி திருத்துது. அதை ஏன் காட்டுறாங்களில்லை?” என்றேன்.

“உள்ளதைத்தானே காட்டுவாங்கள்? சும்மா இருங்கோ,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மரித்தவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. எனக்குத்தான் இப்போது வாசிக்க வருமே! சந்தோசமாக எழுத்துக்கூட்டினேன். என் அப்புவின் பெயருக்குக் கீழே உன் பழைய பெயர் இருந்தது. அம்மாதான் கொடுத்திருக்கிறாள்.

“என்ர மகன் போயிட்டான். அவனுக்கு ஆர் செபிக்கிறது?” என்று என்னையே கேட்டாள்.

டிசம்பரில் நத்தார் லீவுக்கு வீட்டுக்கு வரட்டோ என்று கேட்டிருந்தாய். வராதே, பிள்ளை. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைய பூசையில் சுவாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்தார். அப்படி வாசிக்க, அந்தந்த வீட்டார் எழும்பி நிற்பது வழக்கம். உன் பழைய பெயருக்கு அம்மா எழும்பினாள். சனம் முழுக்க என்னைப் பார்த்தது.

நானும் எழும்பி நின்றேன்.

கையெழுத்துப் போடப் பழகிவிட்ட
உன் அப்பா