குழாயடியாளுக்கு ஒரு கிழமை

ஜூன் 7, ஞாயிறு.

புழுக்கம். மழை வரும் வரும் என்று வானம் ஏமாற்றுகிறது. அரிசி புடைத்தாயிற்று. முழங்கால் தைலம் தீர்ந்தது, வாங்கணும்.

பேத்தி அபி ஒரு விளையாட்டு கொண்டுவந்தாள். சிநேகிதிகளோடு ஆடுவதாம். இனி ஞாயிறுதோறும் வீட்டிலும். இல்லாத ஊர் ஒன்று. அதற்கு ஆளுக்கொரு சாமியை உண்டாக்க வேண்டும். சாமிகளுக்குள் போட்டி. தன் முறை வரும்போது தன் சாமி என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு சாமி மோதினால் பகடை. மூன்று தரம் தோற்ற சாமி காலி. ஊர் ஜனம் எல்லாம் அபிதான். நடுவரும் அவளே.

சாமிகள்:

நான் – குழாயடியாள். கறுப்பி. இடுப்பில் பிளாஸ்டிக் குடம். வரிசையில் நடுவே புகுந்தவளை ஏழு தலைமுறைக்கும் மறக்க மாட்டாள்.

மருமகள் – தூக்கச் சாமி. பெயர்கூட வைக்கவில்லை. பொருத்தம்தான்.

சம்பந்தியம்மாள் – மருமகளின் அம்மா, அபிக்கு நானி. சான்பாடாவிலிருந்து வீடியோவில் ஆடுகிறாள். இனி சம். என்று எழுதினால் போதும், முழுதாக எழுதக் கை வலிக்கிறது. அவள் சாமி ஒளிநாதர். இருபத்திரண்டாம் மாடியில் வாசம். லிஃப்டில் வருவார். சத்தம் ஆகாது. சந்தன வாசனை. மாட்டுங்காவில் பிறந்து பேங்க் வேலை பார்த்தவளுக்குச் சாமியும் அப்படித்தான் வரும்.

மகன் ஆடவில்லை. டி.வி.

நன்றாகத்தான் போயிற்று. சம். முறை வந்தது. "என் சாமி மேல ஒரு ரூம் ரெடி பண்ணிட்டார். கிழக்கு பாத்த ஜன்னல். புது மெத்தை. ஒண்ணாம் தேதியிலேருந்து ஊர்ப் பொண்ணு அங்கதான் இருக்கப் போறா."

அபி கையிலிருந்த பகடை விழுந்தது. மருமகள், "அம்மா, அத இப்ப ஏன்" என்றாள். மகன் டி.வி. சத்தத்தைக் குறைத்தான்.

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். அபி குனிந்து பகடையைத் தேடினாள்.

அபிக்கு வாஷியில் வேலை கிடைத்தது தெரியும். எங்கள் சால் குடியிருப்பு முழுக்க லட்டு கொடுத்தது நான். இங்கிருந்தே போய் வருவாள் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். சம். வீட்டில் தங்கப் போகிறாளாம். எல்லாம் முடிவாகிவிட்டது.

"ஒன்ட்ட சொல்லணும்னுதான் இருந்தேன் ஆச்சி."

"மெத்த வாங்குன பெறவா?"

சாப்பிடவில்லை.

ஜூன் 8, திங்கள்.

மழை வந்தே விட்டது. வாசலில் சாக்கு போட்டேன். தைலம் வாங்கவில்லை.

யார் யாருக்குத் தெரியும்: மகன். மருமகள். சம். இஸ்திரிக்காரன். ஆமாம், அவனும். துணி கொடுக்கப் போனால், "ஆன்ட்டி, பேபி சான்பாடா ஜா ரஹி ஹை நா" என்கிறான். கையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு, பாப்பா சான்பாடா போகிறாளாமே என்று எனக்குச் செய்தி சொல்கிறான். தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன். என்ன செய்ய.

கைக்குழந்தையிலிருந்து என் மடியில் வளர்ந்தவள். மருமகள் ஆபீசுக்குப் போனாள், மகன் குர்லா ஒர்க் ஷாப்புக்குப் போனான். பிள்ளையை யார் பார்த்தது? ஒளிநாதரா?

மகன் வந்து நின்றான். "அம்மா, குர்லால வண்டி மாறி, அந்தக் கூட்டத்துல தெனமும் தொங்கிட்டுப் போணுமா அவ? அங்கன்னா ஆபீஸ் பக்கத்து ஸ்டேஷன்."

அது எனக்குத் தெரியாதா? போகக்கூடாது என்று நான் சொன்னேனா? யாராவது கேட்டால்தானே ஒன்றைச் சொல்ல. அஞ்சாம் கிளாஸோடு நின்றவளிடம் எதைக் கேட்பது என்று விட்டுவிட்டார்கள். இந்தக் கோலி வீட்டை வாங்கும்போது மட்டும் என் கையெழுத்து வேண்டியிருந்தது.

ஜூன் 14, ஞாயிறு.

மழை. பால் திரிந்துவிட்டது.

ஆட உட்கார மாட்டேன் என்று நினைத்தார்கள். முதல் ஆளாக உட்கார்ந்தேன்.

குழாயடியாள் இருபத்திரண்டாம் மாடிக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டாள் என்றேன்.

சம்.: "நிறுத்தட்டும். என் சாமி டேங்கர் வரவழைப்பார்."

"டேங்கர்காரன் குழாயடியாள கும்பிட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பான், சம்பந்தி."

மருமகள் சிரித்துவிட்டாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

பகடை எனக்கு விழவில்லை. போன வாரமே ஒரு தோல்வி. இன்று மேலும் இரண்டு. ஆக மூன்று. அபி போனைப் பார்த்து, "குழாயடியாள் காலி ஆச்சி. டெலிட் பண்ணணும்" என்றாள்.

"வெளையாட்டுதானே, மனசுல வச்சுக்காதீங்கோ" என்கிறாள் சம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க பக்கம் சாமிய அழிக்குத வழக்கம் கெடயாது" என்றேன். சொன்னேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. எங்கள் தெற்கத்திப் பக்கம் அநியாயம் பட்டவள்தான் சாமியாவாள். அவளை யாரும் துரத்த மாட்டார்கள். எல்லையில் ஒரு நிலையம் கொடுப்பார்கள். நிற்க ஓர் இடம், தின்ன ஒரு பங்கு. உனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டுத்தான் கோபத்தை இறக்குவார்கள். கேட்காமல் விட்டால் அந்த வழியாகப் போகிறவர்களை எல்லாம் பிடிப்பாள்.

"ரூல்ல அப்டி இல்லியே ஆச்சி."

"ரூல் எழுதுனவன் சாமிக்குப் பயந்தவன் இல்லட்டி."

அடுக்களைக்குப் போய்விட்டேன். பின்னால் குசுகுசு. சம். குரல் போனில் தனியாகக் கேட்டது: "நான் ஏதும் தப்பா சொல்லலியே?"

ஜூன் 17, புதன்.

தலைவலி. கொத்தமல்லி அழுகிவிட்டது.

விளையாட்டு குரூப்பில் வாய்ஸ் போட்டேன். குழாயடியாள் எங்கேயும் போகவில்லை. ஊர் எல்லையில் நிற்கிறாள். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, ஒளிநாதர் உள்ளே.

சம். பதில்: "படியில எறங்கி வருவார்."

நான்: "பாதியில நிக்குத லிஃப்டுக்குள்ள படி எங்கெருந்து வந்துச்சு?"

அதற்கு ஒரு சிரிக்கிற பொம்மை அனுப்பினாள். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது.

சாயங்காலம் அபி பையைத் தூக்கிப் போட்டாள். "அரே ஆச்சி, எல்லாத்தயும் ஏன் சண்டையாக்குத? நானி பாவம், தனியா இருக்கா."

"நான் சண்டைக்காரி. மெத்த வாங்குனவ பாவம்."

"மெத்தய விடேன்."

"விட முடியாதுட்டி."

தலையைத் தானே பின்னிக்கொண்டாள். கோணல் வகிடு. சரிசெய்யக் கை போயிற்று, இழுத்துக்கொண்டேன்.

சம்.முக்கு வீட்டுக்காரர் போய் வருஷமாகிறது. தனியாகத்தான் இருக்கிறாள். அதற்காக?

ஜூன் 21, ஞாயிறு.

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

என்னைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். மகன் டி.வி.யை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சாமியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அபிக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான். செம்பில் தண்ணீர். அதில் கறிவேப்பிலை.

"ஏட்டி, என் சாமி என்ன சாம்பாரா?"

"வேப்பெல கெடைக்கல ஆச்சி, மழைல யாரு போவா?"

போனில் சம். பார்த்துக்கொண்டிருந்தாள். அபி சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். "சொல்லு தாயி. எதுக்குக் கோவம்? ஒனக்கு என்ன வேணும்?" என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"இஸ்திரிக்காரனுக்குச் சொன்னீய. என்ட்ட ஒரு வார்த்த கேக்கல."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். குனியட்டும்.

"கேக்காதது தப்புதான்" என்றாள் அபி. ஊர் ஜனமாகச் சொன்னாளோ அவளாகவே சொன்னாளோ.

"அவ போறத நான் தடுக்கல. என் பங்கு எனக்கு வேணும்."

"என்ன பங்கு?"

யோசிக்கவே இல்லை, வாயில் வந்தது. "செவ்வா. வாராவாரம் செவ்வாக்கெழம வேல முடிஞ்சதும் ஊர்ப் பொண்ணு நேரா என் நிலையத்துக்கு வரணும். ராத்திரி தங்கணும்."

சம். வாய் திறந்தாள். "மழை கொட்டினா?"

"கொட்டினாலும்."

"ட்ரெயின் நின்னுட்டா?"

"ஒளிநாதர் லிஃப்ட குடுத்து அனுப்பட்டும்."

சம். போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டாள். பிறகு, "சரி, செவ்வாய் உங்களுக்கு. ஆனா மறுநாள் காலம்பற உங்க சாமி டிபன் கட்டிக் குடுத்து அனுப்பணும். எனக்கும் சேத்து" என்றாள்.

அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 1, புதன்.

கொட்டுகிறது. டாக்சியில் மூன்று பெட்டி. குடையை மறந்துவிட்டுப் போனாள். வாசலுக்குப் போகவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். இஸ்திரிக்காரன் டாடா காட்டுகிறான்.

ஜூலை 7, செவ்வாய்.

மழை. ஸ்டேஷனிலிருந்து தெப்பமாக நனைந்து வந்தாள். துண்டு கொடுத்தேன். வேலை எப்படி, சாப்பாடு எப்படி, மெத்தை எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். மெத்தை ரொம்ப மெத்தென்று இருக்கிறதாம், முதுகு வலிக்கிறதாம். நல்லது.

நேரே அடுப்புக்குப் போய்ச் சட்டியைத் திறந்தாள். புடலங்காய்க் கூட்டு. அடுத்ததைத் திறந்தாள். ரசம்.

"மீன் இல்லியா ஆச்சி? அங்க நானி வீட்டுல முட்டகூட கெடயாது. வாரம் பூரா நெனச்சிட்டே இருந்தேன்."

"இன்னைக்குச் செவ்வாட்டி."

செவ்வாய், வெள்ளி இந்த வீட்டில் மீன் வாசனை கூடாது. நான் வைத்த சட்டம். மருமகள் வந்த நாளில் அவளுக்கும் சொன்னது.

அபி சட்டியை மூடினாள். "எந்த நாள் வேணும்னாலும் கேட்டிருக்கலாம்லா. செவ்வாய எதுக்குக் கேட்ட?"

சாமி என்றதும் செவ்வாய் என்று வந்துவிட்டது. சாமிக்குக் கேட்டேன், பிள்ளைக்குக் கேட்கத் தோன்றவில்லை. என்னைப்போல் ஒரு மடச்சி உண்டா. இரண்டு கரண்டி கூட்டு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்.

புதனுக்கு மாற்ற வேண்டுமென்றால் சம்.மைக் கேட்க வேண்டும். நான் போய் அவளிடம் கேட்பதா?

மீன்காரி கீழே கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மழைக்காலம், நல்ல பாங்டா, நம்ம அயிலை, வராது என்கிறாள். அடுத்த வாரம் புதனன்று வந்தால் எனக்கு எடுத்து வை என்று சொல்லியிருக்கிறேன்.