பத்திரிகையில் இல்லாத வாக்கியம்

1916 மே 3, புதன்

காலையில் முதல் வேலை, அவர் எழுமுன் புழக்கடைப் படியில் உட்கார்ந்து நேற்று வந்த பத்திரிகையை மறுபடி வாசித்தது. ஆறு மணிக்கே வெயில். குத் விழுந்துவிட்டது. மெசபடோமியாவில் நம் படை பிடித்து வைத்திருந்த ஊர். ஐந்து மாத முற்றுகை, சாப்பாடு தீர்ந்து சரண். படை முழுவதும் துருக்கியர் கையில். ஆம்புலன்ஸ்காரர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆம்புலன்ஸில் சேர்ந்த எங்கள் மகன் தேவதாசனின் கடைசிக் கடிதம் அந்த ஊரிலிருந்துதான். நவம்பர். பேரீச்சை மரங்களைப் பார்த்தால் நம்மூர் பனங்காடு ஞாபகம் வருகிறதாம். இருபத்திரண்டு வயது. காயத்துக்குக் கட்டுப்போடும் வேலைதானே, ஆபத்தில்லை என்று அவன் அப்பாவிடம் பேசி அனுப்பி வைத்தவள் நான்.

காப்பி குடித்ததும் வழக்கம்போல அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு கண்ணிலும் புரை. பத்திரிகை என் வாயால்தான் அவருக்கு. பிரான்சுச் செய்தியை இழுத்து இழுத்து வாசித்தேன்.

"பிரான்சு கெடக்கட்டும்ளா. குத் என்னாச்சு?"

உதவிப்படை போய்ச் சேர்ந்தது, முற்றுகை உடைந்தது, நோயாளிகளையும் ஆம்புலன்ஸ்காரர்களையும் படகில் பஸ்ராவுக்கு அனுப்புகிறார்கள். அச்சில் இருப்பதுபோலவே, இங்கிலீஷிலேயே, தடுமாறாமல் சொன்னேன். காலேஜில் படித்த இங்கிலீஷ் இதற்கு உதவியது.

அவர் அப்படியே முழங்காலில் விழுந்தார். நானும் பக்கத்தில் முழங்கால் போட்டேன். வேறென்ன செய்ய?

மே 4, வியாழன்

காற்றே இல்லை. கிணறு இரண்டு முழம் இறங்கிவிட்டது. துணி ஊறவைக்க மறந்தேன்.

பள்ளிக்கூடம் விடுமுறை, வாத்தியார் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இந்தத் தெருவில் பத்திரிகை வாங்குகிறவர்கள் நாங்கள் மட்டும். அதை நினைத்து ஆறுதல்பட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

அடுத்த வீட்டு அன்னம்மாள் நுங்கோடு வந்தாள்.

"என்னக்கா, இம்புட்டுப் பெரிய சேதிய வாய்க்குள்ளயே வச்சிருக்கிய! அண்ணாச்சி தெருவுக்கே சொல்லுதாவ. தம்பி வந்ததும் மொதக் காரியமா ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வச்சிருங்க. அவ காவல் காத்தா எந்தப் பட்டாளம் கூப்பிட்டாலும் நகர மாட்டான்."

சிரித்தேன். சிரிக்க முடிந்தது.

மாலையில் அவர் தாளும் பேனாவும் எடுத்துவரச் சொன்னார். ஞாயிறு ஆராதனையில் வாசிக்க ஸ்தோத்திரச் சீட்டு. காணிக்கையாக, தாசன் வரும்போது விருந்துக்கென்று வளர்க்கும் கடா. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'யுத்தமுனையிலிருந்து எங்கள் மகன் தேவதாசனைப் பத்திரமாய்த் தப்புவித்த கர்த்தருக்கு நன்றியாக.' வீட்டில் சொன்ன பொய், என் கையெழுத்தில் பீடத்துக்குப் போகிறது.

ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளை மாசிலாமணி வந்து சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கடாவை இப்போதே கொண்டுபோகப் பார்த்தார். அது அவரைக் கொல்லைவரை விரட்டியது.

"இது காணிக்கைக்கு வாற கடா இல்ல சார், சண்டைக்கு வாற கடா! ஞாயித்துக்கிழம நீங்களே புடிச்சிட்டு வாங்க."

என் வீட்டுக்காரர் சிரித்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. எங்கள் பாதிரியாரான ஐயர் கிராமச் சபைகளைப் பார்க்கப் போயிருக்கிறார், சனிக்கிழமை வருவாராம். ஐயர் பத்திரிகை வாசிக்கிறவர்.

மே 5, வெள்ளி

முருங்கைக்கீரை, ரசம். எனக்கு இறங்கவில்லை.

பத்திரிகையில் குத் பற்றி இன்னும் கொஞ்சம். கடைசி வாரங்களில் குதிரைகளை அடித்துத் தின்றார்களாம். பெயர்ப் பட்டியல் இல்லை. 'இன்று ஒன்றும் விசேஷமில்லை' என்றேன். பொய் இரண்டு.

நேற்று இரவு ஜெபத்தில் ஒன்று கவனித்தேன். இத்தனை மாதமாக அவர் தினமும் அழுது கேட்பார்: ஆண்டவரே, பிள்ளையைக் காப்பாற்றும், அவனுக்கு ஆகாரம் கொடும் என்று. இப்போது கேட்பதில்லை. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, மழைக்காகவும் சபைக்காகவும் ஜெபித்து, ஆமென் சொல்லிவிடுகிறார். கிடைத்துவிட்டதை யார் கேட்பார்கள்?

அவன் ஒருவேளை வெறுங்காலோடு மணலில் நடந்துகொண்டிருக்கும்போது, அவனுக்காகக் கேட்ட இரண்டு பேரில் ஒருவரை நான் நிறுத்திவிட்டேன். அவரைத் துக்கத்திலிருந்து தப்புவித்தேன் என்று நினைத்தேன். பிள்ளையிடமிருந்து அல்லவா பறித்திருக்கிறேன்.

நான் மட்டும் அடுப்படியில் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். என் ஜெபம் புகைக்குமேல் போகிறதா, தெரியவில்லை.

மத்தியானம் வேதத்தைத் திறந்தேன். யோசேப்பு காவல்கிடங்கில். எரேமியா சேற்றுக்குழியில். பவுலும் சீலாவும் தொழுமரத்தில். எத்தனை சிறைகள்! ஒன்றிலாவது கர்த்தர் வாசலில் நின்றுகொண்டு, இதற்குமேல் வரமாட்டேன் என்று திரும்பிப் போகவில்லை. அப்படியானால் துருக்கியர் சிறைக்குள்ளும் போவார். மூன்று நாளில் முதல்முறையாக நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அரைமணி நேரம் தூங்கினேன்.

மே 6, சனி

மேற்கே மலைப்பக்கம் மேகம். இங்கே புழுக்கம்தான். தலையணை உறை இரண்டு தைத்தேன்.

அவர் நாளைக்குப் போட வேட்டியை எடுத்து வைக்கச் சொன்னார். சட்டையின் பொத்தான்களைத் தடவித் தடவிச் சரிபார்த்தார். எல்லாம் இருக்கிறதாம்.

மூன்று மணிக்கு மாசிலாமணி. உள்ளே என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். கோயில்பிள்ளை முன்வாசலுக்கு வராமல் பின்பக்கமாக வந்து, சீட்டை நீட்டினார்.

"ஐயர் வந்துட்டாவம்மா. வாசிச்சாவ. பெறவு, இத அம்மா கையிலதான் குடுக்கணும், சார் கையில குடுக்காதன்னாவ."

"வேற என்ன சொன்னாவ?"

"கையெழுத்து அம்மா கையெழுத்துதானான்னு மட்டும் கேட்டாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஆமான்னேன். தப்பாம்மா?"

தப்பில்லை என்று மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஐயர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, தப்பவிடவும் இல்லை. நாளைக்குச் சீட்டு வாசிக்கப்படாவிட்டால், 'மறந்துபோனாராக்கும்' என்று சொல்லிவிடலாம். அதற்கும் என்னிடம் வாக்கியம் இருக்கும். அடுத்த வாரத்துக்கும் இருக்கும்.

அவர் எழுந்துவிட்டார், இருமல் கேட்கிறது. விளக்கேற்றியதும் ஜெபம். இன்று அவர் ஸ்தோத்திரம் என்று தொடங்குமுன் அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிடுவேன்: குத் விழுந்துவிட்டது, பிள்ளை எங்கே என்று யாருக்கும் தெரியாது, நான் பொய் வாசித்தேன், என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அவனுக்காகக் கேளுங்கள்.