மாடி வீட்டுச் சாட்சி

நவம்பர் 12, புதன்

விடாத தூறல். எழுந்ததும் முதல் வேலையாகக் குழாய் வாயில் துணி கட்டி வாளிகளை நிரப்பினேன். தண்ணீர் விழும் சத்தம் கீழே கேட்கக் கூடாது. கீழே இவருடைய அக்கா, எனக்கு அண்ணி. வீடு அவளுடையது. இவருக்கு வேலை போனபோது மாடிக்கு வந்தோம், இரண்டு வருடம். மறுபடி வேலை கிடைத்து எட்டு மாதம். இன்னும் இங்கேதான்.

வாங்க: தக்காளி, கொசுவத்தி, நிவிக்குக் கோடு போட்ட நோட்டு.

மாலை அண்ணி படியேறி வந்தாள். ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனையில் நிவி சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"கஷ்டத்துல கர்த்தர் உங்கள எப்படி நடத்துனார்னு பிள்ள வாயால வரணும். சபையே அழுதுடும் பாரு."

சபை அழுவதற்கு என் பத்து வயது மகள்.

நவ. 13, வியாழன்

கேம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆபீஸுக்கு லேட். திரும்பி வந்தால் நிவி எழுதி முடித்திருந்தாள். அப்படியே இங்கே:

"எங்கள் குடும்பம் கஷ்டத்தைத் தாங்கும் குடும்பம். நாங்கள் நாற்காலியை இழுக்க மாட்டோம், தூக்கி வைப்போம். எங்கள் குக்கர் இரண்டு விசிலுக்கு மேல் போகாது. சிரிப்பு வந்தால் அப்பா தலையணை தருவார். அத்தை கோபமாக இருந்தால் அவர்கள் கதவு மூடும் வரை படியில் இறங்க மாட்டோம். அம்மா சத்தம் வராமல் அழுவார்கள். எங்களால் எதையும் தாங்க முடியும்."

ஒரு பிழை இல்லை. பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அவளை அல்ல.

நவ. 14, வெள்ளி

அண்ணி சிவப்புப் பேனாவுடன். ரிட்டயர்டு டீச்சர் அல்லவா. முதல் வரியைத் தவிர எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். கீழே அவள் கையெழுத்தில்: "கர்த்தர் அத்தையின் வீட்டை எங்களுக்கு அடைக்கலமாகத் தந்தார்."

"இதெல்லாம் சபையில சொல்லுவாங்களாடி? என்னைப் பத்தி ஜனங்க என்ன நெனைப்பாங்க?"

"சரி அத்தை," என்றாள் நிவி.

பிறகு அண்ணி என்னிடம், "நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல அண்ணி."

நம்பவில்லை. நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இன்னும் நான்கு பக்கம் போயிருக்கும்.

இவரிடம் தாளைக் காட்டினேன். "அக்கா மட்டும் இல்லன்னா தெருவுல நின்னிருப்போம்." இரண்டு வருடமாக இதே வாக்கியம். எத்தனை வருடம் நன்றி சொல்வது என்று கேட்டேன்.

"மெதுவா பேசு," என்றார்.

நவ. 15, சனி

வெயில். தலைவலி. துணி காய்ந்தது.

நிவி கண்ணாடி முன் ஒத்திகை. 'அடைக்கலம்' வந்ததும் குரல் தழுதழுக்கிறது. மூன்று முறை சொன்னாள், மூன்று முறையும் அதே இடத்தில்.

"நெஜமாவே அழுக வருதாடி?"

"இல்லம்மா. அத்தைக்குப் பிடிக்கும்ல."

நான் நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டதைப் பத்து வயதில் கற்றுவிட்டாள். என்னைவிட நன்றாக.

மதியம் மொட்டை மாடிக்குப் போய் ஆபீஸ் லதாவுக்கு போன். பீர்க்கன்கரணையில் முன்பு அவள் சொன்ன வாடகை வீடு இன்னும் காலியாம்.

"சின்ன வீடுதான்க்கா. பெட்ரூம்ல ஒழுகும். ஓனர் வெளியூர்ல, யாரும் வந்து எட்டிப் பாக்க மாட்டாங்க. நாளைக்கு ஒம்போது மணிக்கு வரீங்களா?"

வருகிறேன் என்றேன்.

நாளை ஒன்பது மணிக்கு நிவி மைக் முன்னால் நிற்க வேண்டும். நிற்க மாட்டாள். என்னோடு பஸ்ஸில் இருப்பாள். வீடு பிடித்திருந்தால் நாளையே சாவி. பிடிக்காவிட்டாலும் சாவி. இவர் எங்களோடு வருவதா, அக்கா வீட்டிலேயே இருப்பதா, அது இவர் பாடு. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நிவியிடம்கூட.