கெளுத்தி முள்ளும் மோதிர விரலும்

மார்ச் 4, செவ்வாய்

அண்ணியின் மீன் கடையில் இன்று ஒரே கூத்து. வாளை மீனைத் துண்டு போடச் சொன்னவருக்கு நெத்திலியைச் சுத்தம் செய்து கட்டிக் கொடுத்துவிட்டேன். பாதி வழி போய்த் திரும்பி வந்தார். "இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"கல்யாணம் ஆகப்போகுது" என்றாள் அண்ணி, ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வது போல.

நாற்பத்தொரு வயதில் இது என்ன பைத்தியம்! வருடக்கணக்கில் தினமும் லாரியில் ஐஸ் கட்டி கொண்டுவந்து இறக்கிவிட்டு, "வரேங்க" என்று ஒரே வார்த்தையோடு போன மனுஷன். போன மாதம் ஒரு நாள் "வரேங்க" சொல்லிவிட்டுப் போகவில்லை. நின்றார். கேட்டார். நான் கத்தியைக் கீழே வைக்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். (கத்தியை நீட்டிக்கொண்டு சம்மதம் சொன்ன பெண் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்கிறாள் அண்ணி.)

ஞாயிற்றுக்கிழமை இடது கையில் மோதிரம் போட்டார். ரப்பர் கையுறை அதில் மாட்டி மாட்டி இழுக்கிறது. கழற்றி ஆணியில் தொங்கவிட்டுவிட்டேன். கையுறையைத்தான். மோதிரத்தையா கழற்றுவேன்?

ஒரே ஒரு குறை. இன்னமும் என்னை "நீங்க, வாங்க" என்றுதான் பேசுகிறார். மார்க்கெட் கமிட்டித் தலைவரிடம் பேசுவது போல.

மார்ச் 6, வியாழன்

கெளுத்தி முள் குத்திவிட்டது. மோதிரத்துக்குச் சற்று மேலே, சுருக்கென்று. மேலங்கியில் துடைத்தேன். மீன் கழுவுகிற வாளியில் விரலை முக்கி எடுத்தேன். ரத்தம் நின்றுவிட்டது.

"அந்த அழுக்குத் தண்ணியிலயா? போய்க் குழாயத் திறந்து சோப்பு போட்டுக் கழுவுடி. மோதிரத்தக் கழட்டு முதல்ல" என்றாள் அண்ணி.

"இதெல்லாம் ஒரு காயமா அண்ணி?"

கழுவத்தான் போனேன். அதற்குள் ஐஸ் லாரி ஹாரன். வாசலுக்கு ஓடிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

விரல் தடித்திருக்கிறது. விண் விண்ணென்று தெறிக்கிறது. மோதிரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. 'உன்னை விடமாட்டேன்' என்கிறதாம். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மார்ச் 8, சனி

வலது கை நன்றாக இருப்பதால் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியாது.

காலையில் எழுந்தால் விரல் கத்தரிக்காய் மாதிரி. எண்ணெய் தடவிப் பார்த்தேன், சோப்பு போட்டுப் பார்த்தேன், நூல் சுற்றி இழுத்துப் பார்த்தேன். மோதிரம் அசையவில்லை. சிவப்பு புறங்கை வரை ஏறியிருந்தது. தொட்டால் கொதிக்கிறது. உடம்பெல்லாம் குளிர்.

அண்ணிக்குத் தெரியாமல் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே கடையில் நின்றேன். அவர் ஐஸ் இறக்க வந்தார். ஒரு பார்வை பார்த்தார்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு.

"ஏன் நீ என்கிட்ட சொல்லல?"

நீ! நீ என்றார்!

அண்ணி ஷட்டரை இழுத்து மூடினாள். லாரியின் முன்சீட்டில் மூன்று பேர், நான் நடுவில். பல் தந்தியடிக்கிறது, விரலில் உயிர் போகிறது, நான் சிரிக்கிறேன். "ஜுரம் தலைக்கு ஏறிடுச்சு, சீக்கிரம் ஓட்டுங்க தம்பி" என்று அண்ணி அழ ஆரம்பித்துவிட்டாள். எப்படிச் சொல்வது, ஜுரம் இல்லை, 'நீ' என்று?

மார்ச் 9, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியாமல் தூங்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் மருத்துவரம்மா ரொம்பக் கறார்.

"முள்ளு குத்தினதும் என்ன பண்ணீங்க?"

"துடைச்சேன்."

"எதுல?"

சொன்னேன். வாளியையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மீன் முள்ளு ஆழமா இறங்கும். மேல மூடிக்கும், உள்ள சீழ் பிடிக்கும். குத்தின உடனே ஓடற தண்ணியில சோப்பு போட்டு நல்லாக் கழுவணும். சுத்தமான துணியால மூடணும். மோதிரத்த அப்பவே கழட்டணும், வீங்கினப்புறம் இல்ல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலே மிஞ்சியிருக்காது."

அப்போதுதான் சிரிப்பு நின்றது.

பிறகு, "மோதிரத்த அறுக்கணும்" என்றார்.

வேண்டாம் என்று கத்தினேன். சின்னப் பிள்ளை மாதிரி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே மோதிரத்த அறுக்கிறதா? அத எப்படிங்க நான் தாங்குவேன்? அவர் முகத்த எப்படிப் பார்ப்பேன்?"

அவர் பக்கத்தில்தான் நின்றார். "மோதிரம் கடையில வாங்கினேன். விரல எந்தக் கடையில வாங்க? கையக் குடு" என்றார்.

குடு!

கொடுத்தேன். குட்டி ரம்பம் ஒன்று, கர்ர் கர்ர் என்றது. அவர் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். பாறாங்கல் மாதிரி ஐஸ் கட்டியைத் தோளில் தூக்குகிற ஆள், சீழ் வெளியே வந்ததும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் அவருக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்தாள்.

தடுப்பூசி ஒன்று, மருந்து ஊசி ஒன்று. சிவப்பு எது வரை என்று புறங்கையில் பேனாவால் கோடு போட்டார் மருத்துவரம்மா. "இதத் தாண்டினா நேரம் காலம் பார்க்காம வாங்க."

அண்ணியிடம் கேட்டேன், மோதிரம் அறுபட்டால் என்ன அர்த்தம் என்று. "விரல் பொழைச்சுதுன்னு அர்த்தம். தூங்கு" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

கோட்டைத் தாண்டவில்லை. நூறு தடவை பார்த்துவிட்டேன். தாண்டவில்லை.

மார்ச் 13, வியாழன்

கோட்டுக்குள்ளேயே சிவப்பு சுருங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாதாம். நிறுத்தினால் அண்ணி என்னைத் துண்டு போட்டுவிடுவாளாம்.

அவர் சாயந்திரம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தோம். இதை ஏன் எழுதுகிறேன்? சந்தோஷமாக இருந்தது, அதனால்.

மார்ச் 21, வெள்ளி

பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். வெள்ளைக் கட்டு போட்ட விரல், பச்சைப் புடவை. வலது கையில்தான் கையெழுத்துப் போட்டேன், இருந்தாலும் அலுவலர், "மெதுவாம்மா, அவசரமில்ல" என்றார். எனக்கு அவசரம்தான் என்று சொல்லிவிட்டேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் காது வரை சிவந்தார். அந்தச் சிவப்பு எவ்வளவு பரவினாலும் பரவாயில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

விரல் முழுதாக மடங்குகிறது. காலையில் மட்டும் கொஞ்சம் விறைப்பு.

இருட்டில் எழுந்து, வாசலில் இருந்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். விடிந்த பிறகுதான் தெரிந்தது, அவருடையது. நாள் முழுதும் பொத் பொத்தென்று நடக்கிறேன், மார்க்கெட்டே சிரிக்கிறது.

போன் வந்தது. "உன் பூட்ஸ் என் கட்டைவிரலுக்குக் கூடப் பத்தல. செருப்போட ஐஸ் ஏத்திட்டு இருக்கேன்."

"செருப்போடயா? கட்டி கால்ல விழுந்தா? ஏறாதீங்க, ஏத்தாதீங்க, அப்படியே நில்லுங்க, நான் வரேன்!"

பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணியின் செருப்பில் ஓடினேன்.